மேட்டுப் பக்கத்து விருந்தாளிகள்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், பிள்ளையை மடியில் போட்டிருக்கிறவர்கள் தட்டிக்கொண்டே கேளுங்கள். இன்றைக்கு உங்களுக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். இதில் ராஜாவும் இல்லை, பூதமும் இல்லை. ஒரு சிவப்புப் பேனா உண்டு, ஒரு பச்சைப் பேனா உண்டு. இரண்டுக்கும் நடுவில் நாற்பத்து மூன்று பேர் நிற்கிறார்கள்.

ஒரு கணக்கெடுப்பு அலுவலகம். இரண்டாம் மாடியில் ரயில் பெட்டி மாதிரி நீளமான அறை. ஜன்னல் ஓரம் மேசைகள், சுவர் ஓரம் இரும்பு அலமாரிகள். வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு வருகிற படிவங்கள் கட்டுக் கட்டாக இங்கேதான் வந்து இறங்கும். அவற்றைக் கணினியில் ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் புரட்டித் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை ஓர் அம்மாளுக்கு. இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே சிவப்புப் பேனா. அதனால் அவளுக்குச் 'சிவப்பு மை' என்றே பேர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேராகக் கூப்பிடும்போது மட்டும் பின்னால் ஓர் அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள்.

சிவப்பு மையின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நாற்பது வயது அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயதில் பிள்ளை இருந்தால், "இவ பிறக்கும்போதே இடுப்புல ஒண்ணைத் தூக்கிட்டுப் பிறந்தாளாக்கும்" என்று முனகிக்கொண்டு ஒரு கோடு இழுப்பாள். ஆனால் அந்தக் கோட்டுக்கும் ஒரு சட்டம் இருந்தது. ஒரே கோடு. அடித்த எழுத்து அடியில் தெளிவாகத் தெரிய வேண்டும். சரியானதை மேலே எழுதி, ஓரத்தில் தன் முதலெழுத்தைப் போட வேண்டும். கிறுக்கி அழிக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "தப்பு பண்ணினவன் முகத்தையும் பார்க்கணும், திருத்தினவன் முகத்தையும் பார்க்கணும்" என்பாள்.

அந்த வருடம் எடுத்தது குழந்தைச் சாவுக் கணக்கு. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால், ஐந்து வயது முடிவதற்குள் எத்தனை போய்விடுகின்றன என்று பார்ப்பது. மேட்டுப் பக்கத்தில் அறுநூற்று நாற்பது வீடு, ஆற்றுப் பக்கத்தில் அறுநூற்று நாற்பது வீடு. வியாழக்கிழமை காலையில் முடிவு வந்தது. ஆற்றுப் பக்கத்தில் ஆயிரத்துக்கு இருபத்து நான்கு. மேட்டுப் பக்கத்தில் வெறும் எட்டு.

உண்மையில் வந்த எண் ஏழு புள்ளி ஏழு. அதை எட்டாக்கியவர் பிரிவு அதிகாரி. அவருக்கு 'ரவுண்டு சார்' என்று பெயர். எந்த எண்ணைக் கண்டாலும் முழுசாக்காமல் விடமாட்டார். "புள்ளி வச்சா படிக்கிறவன் தடுக்கி விழுவான்" என்பது அவர் வேதம். அவர் முடிவுத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அறை முழுக்க நடந்தார்.

"பார்த்தீங்களா? பஸ் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, ஆனா பிள்ளைங்க கல்லுக்குண்டு மாதிரி இருக்கு. எல்லாம் மேட்டுக் காத்து. புதன்கிழமை அறிக்கை மேலிடத்துக்குப் போகணும்."

"போனா என்ன சார் பண்ணுவாங்க?" என்று கேட்டார் பட்டன் அண்ணன். படிவத்து எண்களைக் கணினியில் தட்டுகிறவர் அவர். இரண்டு விரலால்தான் தட்டுவார், ஆனால் மழை பெய்கிற வேகம்.

"பண்ணிட்டாங்க. முடிவு வந்ததுமே நான் போன்ல சொல்லிட்டேன். மேட்டுப் பக்கம் போன வருஷம் ஒரு ஆம்புலன்ஸும் ஒரு நர்ஸும் போட்டாங்கல்ல? தேவையில்லாத இடத்துல சும்மா நிக்குது. ஒண்ணாம் தேதி ரெண்டும் ஆத்துப் பக்கம் வருது. உத்தரவு தயார். அறிக்கை போய்ச் சேர்ந்ததும் கையெழுத்து."

பட்டன் அண்ணனின் ஊர் ஆற்றுப் பக்கம். அவர் முகம் மலர்ந்தது. "எங்க பக்கத்துக்கு நல்ல காலம்" என்று எல்லோருக்கும் டீ சொன்னார்.

டீ குடிக்கும்போதுதான் சிவப்பு மை தன் வீட்டுக் கதையை எடுத்தாள். அவள் நாத்தனார், கணவரின் அக்கா, மூன்று நாள் தங்கிப் போவதாகச் சொல்லி வந்தவள். அன்றைக்குப் பதினோராவது நாள். வீடு என்றால் ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை. கூடத்தில் நாத்தனார், அவள் பெட்டி, ராத்திரி முழுக்க மின்விசிறி சுற்ற வேண்டும் என்கிற அவள் ஆசை.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொன்ன மகராசன் என் நாத்தனாரைப் பார்க்கலை" என்றாள்.

"நீங்க ஒரு விருந்தாளிக்கே அலுத்துக்கறீங்க. மேட்டுப் பக்கத்துக்காரங்க பாவம், அறுநூத்து நாப்பது வீட்டுல நாப்பத்தாறு விருந்தாளி வந்து தங்கியிருக்காங்க. நானே தட்டினேன். எங்க ஆத்துப் பக்கம் பஸ்ஸு வாசல்ல நிக்குது, ஆனா வந்தது ஒம்பது பேர்தான்" என்றார் பட்டன் அண்ணன்.

சிவப்பு மை டீயை வைத்தாள்.

"பஸ் போகாத ஊருக்கு யாரு அண்ணே விருந்துக்குப் போறாங்க?"

"சொந்தம் விட்டுப் போகுமா? ஏறிப் போறாங்க."

"நாப்பத்தாறு பேரா?"

பட்டன் அண்ணன் தோளைக் குலுக்கினார். அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள்.

படிவத்தில் வீட்டு ஆட்களை எல்லாம் எழுதி முடித்தபின் ஒரு கேள்வி வரும்: 'இவர்களைத் தவிர, இந்த வீட்டில் வந்து தங்கிச் சென்றவர்கள் உண்டா?' வெளியூர் போய்வருகிறவர்கள் விட்டுப்போகாமல் இருப்பதற்காக யாரோ யோசித்து வைத்த கேள்வி. அதற்கு நான்கு கட்டங்கள்: உறவு, ஆணா பெண்ணா, வயது, தங்கிய நாட்கள். மேட்டுப் பக்கத்துக் கட்டை அவிழ்த்து அவள் முதல் படிவத்தைப் புரட்டினாள். பதினேழாம் எண் வீடு. விருந்தாளி இரண்டு பேர். முதல் ஆள், உறவு: சொந்தம். பெண். வயது என்ற கட்டத்தில் ஓர் ஒற்றைச் சிவப்புக் கோடு. கோட்டுக்கு அடியில், கணக்கெடுத்த பெண்ணின் குண்டு குண்டான எழுத்தில், 'மூன்று நாள்'. மேலே சிவப்பு மையில் 'வயது தெரியாது'. பக்கத்துக் கட்டத்தில், தங்கிய நாட்கள்: மூன்று. ஓரத்தில் அவளுடைய முதலெழுத்து.

அவளுக்கு நினைவு வந்தது. ஆறு வாரத்துக்கு முன் இந்தக் கட்டைத் திருத்தும்போது சிரித்திருக்கிறாள். 'இந்தப் பொண்ணுக்குக் கட்டம் கூடத் தெரியலை. தங்கின நாளைக் கொண்டுபோய் வயசுல எழுதியிருக்கு' என்று சொல்லி, ஒவ்வொன்றாக அடித்து அடுத்த கட்டத்துக்கு மாற்றியிருக்கிறாள். ஒன்றா இரண்டா? மதியச் சாப்பாட்டைத் தொடாமல் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். முப்பத்தெட்டு படிவங்கள், நாற்பத்து மூன்று விருந்தாளிகள். ஒரு நாள், மூன்று நாள், இருபது நாள், எட்டு மாதம். எல்லாம் அவள் கைக்கோடு. மிச்சமிருந்த மூன்று பேருக்குத்தான் நாற்பது, ஐம்பது என்று மனுஷ வயது இருந்தது.

கணக்கெடுத்த பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தாள். அந்தப் பெண் இப்போது ஒரு துணிக்கடையில் ரசீது போடுகிறாள். பின்னால் கடை இரைச்சல்.

"ஏம்மா, மேட்டுப் பக்கத்துல விருந்தாளி வயசுல மூணு நாள், நாலு நாள்னு எழுதியிருக்கியே. தங்கின நாள்தானே அது?"

"இல்லக்கா. வயசுதான்."

"வயசா?"

"வயசு என்னன்னு கேட்டேன், மூணு நாள்னாங்க. நானும் முதல்ல முழிச்சேன்க்கா. இறந்த குழந்தை உண்டான்னு முன் பக்கத்துல கேட்டப்ப எல்லாரும் இல்லைன்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க. தங்கிட்டுப் போனவங்கன்னு கேட்டா, விருந்தாளி வந்துச்சுன்னாங்க. அதுக்கு மேல அவங்க முகத்தைப் பார்த்துக் கேக்க எனக்கு வாய் வரலை. சொன்னதைச் சொன்னபடி எழுதுன்னு பயிற்சில சொன்னாங்க, எழுதினேன். ஆபீஸ்ல பார்க்கிறவங்க புரிஞ்சுப்பாங்கன்னு நினைச்சேன்க்கா."

சிவப்பு மை பதினேழாம் எண் படிவத்தை எடுத்து, தன் கோட்டுக்கு அடியில் இருந்ததை மறுபடி படித்தாள். அந்தப் பெண், "தப்பா எழுதிட்டேனாக்கா?" என்று கேட்டாள்.

"நீ தப்பா எழுதலைம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மாலை நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிவப்பு மை எதிரில் உட்கார்ந்து, படிவத்தில் இருக்கிறபடியே கேட்டாள்.

"அண்ணி, உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

"என்னடி கேள்வி இது, ரெண்டுன்னு உனக்குத் தெரியாதா?"

"செத்துப்போன பிள்ளை உண்டா?"

கத்தி நின்றது. "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன வார்த்தை! வாயைக் கழுவிட்டு வா. பதினோரு நாள் தங்கிட்டேன்னு இப்படிப் பேசித் துரத்தப் பாக்கிறியா?"

நாத்தனாருக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் ஒன்று பிறந்து, ஏழாம் மாதத்தில் போனது சிவப்பு மைக்குத் தெரியும். அவளே தூக்கி வைத்திருந்திருக்கிறாள். ஆனால் கேட்ட கேள்விக்கு வந்த பதில் 'இல்லை' கூட இல்லை, 'வாயைக் கழுவு'. அவள் பீன்ஸில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நறுக்கினாள். "தப்புதான் அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டாள். கணவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். "எங்கே போறே, லீவு நாள்ல?" என்றார். "விருந்துக்கு" என்றாள். அவர் அதைத் தன் அக்காவைப் பற்றிய குத்தல் என்று எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

கடைசி நிறுத்தம் வரைக்கும் பஸ். அதற்கு மேல் உருளைக்கிழங்கு ஏற்றப் போகிற காலி லாரியில், ஓட்டுநர் பக்கத்து இருக்கையில், இரண்டரை மணி நேரம். பாதி வழியில் கீழே இறங்குகிற ஆம்புலன்ஸுக்கு லாரி ஒதுங்கி வழி விட்டது. "மாசத்துக்கு நாலு தடவை இறங்குது" என்றான் ஓட்டுநர். "முன்னாடியெல்லாம் என் லாரிதான். மூட்டை மேல பாயை விரிச்சு ஏத்துவாங்க. சில சமயம் கீழ போய்ச் சேர்ந்து பார்த்தா…" அவன் கியரை மாற்றினான்.

மேலே இருந்த நர்ஸ் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்ட, குரல் பெருத்த பெண். அவள் அறையில் குழந்தைகளை எடை பார்க்கிற தொங்கு தராசு, மருந்து வைக்கிற குளிர்ப்பெட்டி, ஒரு கட்டில். கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே கயிறு கட்டின இரண்டு அட்டைப்பெட்டிகள்.

"ஒண்ணாம் தேதி கீழ வரச் சொல்லித் தகவல் வந்திருக்கு. மேட்டுல பிள்ளைங்க எல்லாம் ஜோரா இருக்காம்" என்று சிரித்தாள். "நான் வந்து எட்டு மாசம். அதுக்கு முன்னாடி இந்தக் கட்டில்ல நாலு வருஷம் ஆளே இல்லை. சிலந்திதான் டியூட்டி பார்த்துச்சு. எந்தப் புத்திசாலி இந்தக் கணக்கைப் போட்டான்னு தெரியலை."

"போட்டான் இல்லை" என்றாள் சிவப்பு மை. "போட்டா. அவ உங்க எதிர்லதான் நிக்கிறா."

நர்ஸின் சிரிப்பு நின்றது. அவள் தந்த தண்ணீரைச் சிவப்பு மை குடிக்கவில்லை. "பதினேழாம் நம்பர் வீட்டைக் காட்டுங்க. அப்புறம் குடிக்கிறேன்" என்றாள்.

தகரக் கூரை வீடு. வாசலில் கிழங்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி குத்துக்காலிட்டு, கோணி ஊசியால் மூட்டை வாய்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்காது. நர்ஸைப் பார்த்ததும், "நேத்துதானேம்மா பார்த்தீங்க, அதுக்குள்ள இன்னொரு தடவையா?" என்றாள்.

"இவங்க எழுதற ஆபீஸ்லேருந்து வந்திருக்காங்க."

"அந்தச் சின்னப் பொண்ணு வரலையா? நல்ல பொண்ணு. அழற மாதிரியே எழுதிட்டு இருந்துச்சு."

சிவப்பு மை ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தாள். லாரியில் வரும் வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். படிவத்தை வெளியே எடுக்கவில்லை.

"வீட்டுக்கு விருந்தாளி வந்தாங்களாமே?"

ஊசி ஒரு தையல் போட்டு நின்றது. "வந்துச்சு. ரெண்டு பேர்" என்றாள் அந்தப் பெண், சந்தை விலை சொல்கிற குரலில். "மூத்தது மூணு நாள் இருந்துச்சு. அடுத்தது பதினோரு நாள். பதினோரு நாள்னா பெரிய விருந்துதான். சிரிக்கக்கூட ஆரம்பிச்ச மாதிரி இருந்துச்சு. அது வயித்துக் காத்துன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார்."

"என்ன ஆச்சு?"

"மூத்ததுக்குச் சளி. நெஞ்சு உள்ள உள்ள இழுத்துச்சு. கீழ போன லாரி திரும்பி வர்றதுக்குள்ள… விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்லுவாங்கள்ல? விருந்து மூணு நாள் இருந்துச்சு. மருந்துதான் வரலை."

வியாழக்கிழமை டீக்கு அந்தப் பழமொழியைச் சொல்லிச் சிரித்தது சிவப்பு மைக்கு ஞாபகம் வந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூட்டையின் பிரிந்த நூலைப் பிடித்துக்கொண்டாள்.

"இறந்த பிள்ளை உண்டான்னு அந்தப் பொண்ணு கேட்டப்ப இல்லைன்னு சொன்னீங்களாமே?"

"பின்ன? வீட்டு ஆள்தானேம்மா செத்துப்போகும். தங்க மனசில்லாம கிளம்பினதைச் செத்துப்போச்சுன்னா, அடுத்து வர்றது வாசல்ல நின்னு கேட்டுட்டுத் திரும்பிடாதா? எங்க பக்கத்துல யாருமே அப்படிச் சொல்ல மாட்டோம்." அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இது எப்படி வருதோ, விருந்தாளியா வருதோ வீட்டாளா வருதோ. நர்ஸம்மா இருக்காங்கன்னு தைரியமா இருந்தேன். கீழ கூட்டிட்டுப் போறாங்களாமே? எனக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

நர்ஸ் மலைச்சரிவைப் பார்த்தாள். சிவப்பு மை எழுந்து, "நூலைக் குடுங்க, இந்த மூட்டையை நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள். லாரி கிளம்பும் வரைக்கும் இரண்டு பேரும் தைத்தார்கள். ஏழு மூட்டை. நர்ஸ் செம்பில் கொண்டுவந்த தண்ணீரை அப்போதுதான் குடித்தாள்.

திங்கட்கிழமை காலை ரவுண்டு சாரின் மேசையில் முப்பத்தெட்டு படிவங்களையும், தன் கையால் எழுதின ஒரு கடிதத்தையும் வைத்தாள். கடிதத்தில் நான்கே வரி. திருத்தியது தான், தவறு தன்னுடையது, கணக்கெடுத்தவர் எழுதியதே சரி, அறிக்கையை மாற்ற வேண்டும்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "படிவம் மூடியாச்சும்மா. போன்ல சொல்லியாச்சு. இப்பப் போய் ஆபீஸே தப்பு பண்ணிச்சுன்னு சொல்றதா?"

"ஆபீஸ் பண்ணலை சார். நான் பண்ணினேன். அதான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"இருபத்திரண்டு வருஷத்துல உங்க பேர்ல ஒரு மெமோ இல்லை. ரெண்டு வருஷத்துல ரிடையர் ஆகப்போறீங்க. விருந்தாளி கட்டத்தை எவன் பார்க்கப்போறான்?"

"அங்க ஒரு பொண்ணு பார்த்துட்டு இருக்கா சார். ரெண்டு மாசத்துல பிரசவம்."

"ஆத்துப் பக்கத்துல மட்டும் பிள்ளைங்க சாகலையா? இருபத்து நாலு. அதுவும் பிள்ளைங்கதானே? இருக்கிறது ஒரு வண்டி."

அது நியாயமான கேள்வி. பின்னாலிருந்து பட்டன் அண்ணன் குரல் கொடுத்தார். "சார், எங்க ஊர்லேருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு நாப்பது நிமிஷம் பஸ்ஸு. வண்டி வந்தா சந்தோஷம்தான். டீ வேற வாங்கிக் குடுத்துட்டேன். ஆனா அவங்க வாயிலேருந்து பிடுங்கித் தின்ன வேண்டாம் சார். எங்களுக்கு வேற கேளுங்க."

ரவுண்டு சார் ஒரு படிவத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கோட்டுக்கு அடியில் இருந்த எழுத்து அப்படியே படிக்க முடிந்தது. கிறுக்கி அழித்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். இருபத்திரண்டு வருடத்து ஒற்றைக் கோட்டுப் பழக்கம்தான் அந்த முப்பத்தெட்டு தாள்களையும் பத்திரமாக வைத்திருந்தது.

"சரி. நீங்க அடிச்ச கோட்டை நீங்களே எடுக்க முடியாது. விதி அது. திருத்தினதைத் திருத்தறதுக்குப் பச்சை மைதான்." அவர் மேசை இழுப்பறையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார். அதிகாரிக்கு மட்டும் உரியது. அதில் போட்ட கையெழுத்துக்கு அவரே ஜவாப்தாரி. மூடியைத் திறந்தார். மூடினார். திறந்தார். "ஒவ்வொண்ணா படிங்க. நான் போடறேன்."

அவள் நின்றுகொண்டே படித்தாள். "பெண், மூணு நாள். பெண், பதினோரு நாள். ஆண், ஒரு நாள். ஆண், எட்டு மாசம். பெண், பேர் வைக்கலை, ஆறு நாள்." பட்டன் அண்ணன் இரண்டு விரலையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பத்தாவது படிவத்தில் ரவுண்டு சார், "உட்கார்ந்து படிங்கம்மா" என்றார். இருபதாவதில் அவரே எழுந்து கதவைச் சாத்தினார். நாற்பத்து மூன்றும் முடிய மதியம் ஆகிவிட்டது.

பட்டன் அண்ணன் புதிதாகத் தட்டினார். மேட்டுப் பக்கத்தில் பிறந்தவை எழுநூற்று எண்பது என்று இருந்தது, எண்ணூற்று இருபத்து மூன்று ஆயிற்று. விருந்தாளி என்று எழுதினவையும் பிறந்தவைதானே. போனவை ஆறு என்று இருந்தது, நாற்பத்தொன்பது ஆயிற்று. ஆயிரத்துக்கு எட்டு என்று சொன்ன இடத்தில் ஐம்பத்தொன்பது புள்ளி ஐந்து. ஆற்றுப் பக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலே.

"அறுபதுன்னு போட்டுடவா சார்?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

ரவுண்டு சார் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வேண்டாம். வந்ததை வந்தபடி போடு."

"புள்ளியோடவா சார்?"

"புள்ளியோடதான்யா."

அறிக்கை புதன்கிழமை போனது. மேலிடம் கடுப்பானது. ரவுண்டு சார் இரண்டு தடவை போய் நின்று பதில் சொல்லிவிட்டு வந்தார். சிவப்பு மைக்கு ஒரு மெமோ வந்தது. அதை ஒரு கண்ணாடி உறையில் போட்டு மேசை மேல் வைத்துக்கொண்டாள். வண்டி மேட்டுப் பக்கமே நின்றது, நர்ஸும் அங்கேயே இருந்தாள். ஆற்றுப் பக்கத்துக்கு வேறு வண்டி கேட்டு எழுதினார்கள், அது வர ஒன்றரை வருடம் ஆனது. கூடவே இரண்டாவதாக ஒரு நர்ஸும் வரும் என்று சொன்னார்கள், அவள் இன்னும் வரவில்லை. இப்படித்தான் கண்ணுகளா நடந்தது, கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

நாத்தனார் பத்தொன்பதாம் நாள் கிளம்பினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது சிவப்பு மையின் காதோரம், "நீ அன்னிக்குக் கேட்டியே, மூணு" என்று சொல்லிவிட்டு, "பஸ்ஸு போயிடும்" என்று விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் சிவப்பு மை கோடு இழுத்தாள். ஆனால் இழுப்பதற்கு முன்னால், எழுதினவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீ என்ன கேட்டே, அவங்க என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு" என்று கேட்கிற வழக்கம் வந்தது. அலுவலகத்துக்குத் தொலைபேசிச் செலவு ஏறிவிட்டது என்று ரவுண்டு சார் புலம்பினார். அடுத்த வருடப் படிவத்தில் மேட்டுப் பக்கத்துக்கென்று ஒரு கேள்வி கூடுதலாக வந்தது: 'இந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்து சென்ற குழந்தை உண்டா?'

அறிக்கை போய் இரண்டரை மாதம் கழித்து, ஒரு முற்பகலில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் நர்ஸின் பெருத்த குரல். பட்டன் அண்ணன் வரைக்கும் கேட்டது.

"பதினேழாம் நம்பர்! பெண் குழந்தை! எடை கம்மி, மூச்சும் கொஞ்சம் தடுமாறிச்சு. வண்டியில ஏத்திக் கீழ கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில வச்சாங்க. நேத்துத்தான் வீட்டுக்கு வந்துச்சு."

"எப்பப் பிறந்துச்சு? ஏன் உடனே சொல்லலை?"

"அம்மாக்காரி சொல்லக் கூடாதுன்னுட்டா. முன்னது போன நாள் கடக்கட்டும்னு காத்திருந்தா. இன்னிக்குக் காலையில அவளே வந்து, எழுதற ஆபீஸுக்குச் சொல்லிடுங்கன்னா."

"இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"பன்னெண்டு."

சிவப்பு மை பேனாவைக் கையில் எடுத்தாள். எழுத எந்தப் படிவமும் இல்லை. மேசையில் கிடந்த வெற்றுத்தாளில் 'வீட்டு ஆள்: ஒன்று' என்று எழுதி, ஓரத்தில் தன் முதலெழுத்தைப் போட்டாள்.

கதை அவ்வளவுதான் கண்ணுகளா. மடியில் தூங்கிவிட்டதை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிற பிஞ்சு எதுவும் விருந்தாளியாக வராமல் வீட்டு ஆளாகவே வரட்டும். வந்தது தங்கட்டும், தங்கினது சட்டை பத்தாமல் வளரட்டும், சோற்றுப் பானை போதவில்லை என்று நீங்கள் அலுத்துக்கொள்கிற அளவுக்கு உங்கள் வீடு நிறையட்டும். மருந்து வேண்டிய நாளில் அது விருந்துக்கு முன்னால் வந்து நிற்கட்டும். நன்றாக இருங்கள்.